‘கால்மணி நகரம்’: ஒரு கலைச்சொல் முன்மொழிவு

அன்பின் ஐயா,

வணக்கம். நகரத் திட்டமிடல் சொற்றொகுதிக்குத் தாங்கள் தந்த ‘பதினைந்து நிமிட நகரம்’ பொருளைப் பிழையின்றிச் சொல்கிறது. ஆயினும் ஒரே பந்தியில் நான்கு தடவை வந்தால் வாசிப்பவர் களைத்துவிடுவார். அதற்கு ஈடாகக் ‘கால்மணி நகரம்’ என்பதைப் பரிந்துரைக்கிறேன்.

அன்றாடத் தேவைகள் யாவும் வீட்டிலிருந்து நடந்தோ சைக்கிளிலோ 15 நிமிடத்துக்குள் எட்டக்கூடியனவாக இருத்தல் வேண்டும் என்ற கருத்தைப் பாரிசின் சொர்போன் பேராசிரியர் கார்லோஸ் மொரேனோ 2016இல் முன்வைத்தார். அந்நகரின் அப்போதைய மேயர் ஆன் இதால்கோ 2020 தேர்தலில் அதனைத் தம் கொள்கையாக்கினார். மார்ச் 15இல் முதற்சுற்று வாக்களிப்பு முடிந்ததும் கொவிட் தொற்றினால் இரண்டாம் சுற்று ஜூன் வரை தள்ளிப்போனது. மக்கள் வீட்டைச் சுற்றிய சிறு வட்டத்துக்குள் அடைபட்ட அந்த மாதங்களிலேயே இக்கருத்து பிற நாடுகளிலும் பரவலாகப் பேசப்படலாயிற்று.

நமது இலங்கையிலும் அதே ஆண்டு மார்ச் 20இல் ஊரடங்கு தொடங்கியது. திருகோணமலை நகரில் சந்தை, பஸ் நிலையம், ஆஸ்பத்திரி, கச்சேரி (மாவட்டச் செயலகம்) ஆகியன துறைமுகத்துக்கும் பின்குடா என்ற கடற்குடாவுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்திலேயே இருப்பதால், நகருக்குள் வசிப்பவருக்கு இது ஓரளவு கால்மணி நகரமே. அதே மாவட்டத்தின் வேறு ஊர்களான கிண்ணியா, மூதூர் மக்களுக்கோ அவ்வாறன்று. அவர்களும் பல அலுவல்களுக்கு இங்கேதான் வரவேண்டும். தொற்றுக் காலத்தில் குடியிருப்பின் செறிவையே பலர் குற்றஞ்சாட்டினர். என் கருத்தில், எல்லோரையும் ஒரே இடத்துக்கு வரவழைக்கும் ஏற்பாட்டால் உண்டாகும் நெரிசலே கூடிய ஆபத்து. செறிவுக்கு அஞ்சி வயலையும் களப்பையும் நிரப்பி நகரை விரிப்பது நிலைத்த வளர்ச்சியாகாது. ஆகவே ‘செறிவு’, ‘நெரிசல்’ இரண்டும் சொற்றொகுதியில் தனித்தனிப் பதிவுகளாக இடம்பெற வேண்டும்.

‘கால் மணித்தியாலம்’ நம்மூரில் நாளாந்தம் புழங்கும் அளவு. நடையைக் குறிக்கும் ‘கால்’ அதனுள் ஒலிப்பது தற்செயலான பேறு.

மறுமொழி:

அன்பின் தம்பி,

சொல் அழகாகவே இருக்கிறது. எனினும் அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ண் நகருக்கான 2017–2050 திட்டம் பேசியது 20 நிமிட அயலை (சுற்றுப்புறத்தை). அதனைக் கால்மணி என்று எழுத இயலாது. அளவைச் சுட்டாத பொதுச்சொல்லும் நமக்குத் தேவை. ‘அண்மை நகரம்’ என்றால், அண்மையில் தோன்றிய நகரம் என்று மயங்க இடமுண்டு. ‘அருகமைப் பள்ளி’ என்ற வழக்கு ஏற்கெனவே உள்ளதால் ‘அருகமை நகரம்’ பொருந்தும். மொரேனோவின் கருத்துக்கு மட்டும் ‘கால்மணி நகரம்’ என்று பதிவோம். செறிவு, நெரிசல் பற்றிய உமது பிரிப்பை அப்படியே ஏற்கிறேன். இரண்டுக்கும் வரைவிலக்கணங்களை நீரே எழுதி அனுப்பும்.