விஎச்எஸ் டேப்பை டிவிடிக்கு மாற்றும்போது சத்தம் பிந்துகிறது, உதவி தேவை

கேள்வி: விசிஆரிலிருந்து யூஎஸ்பி கேப்சர் ஸ்டிக் வழியாக லேப்டாப்பில் நேரடியாக எம்பெக்-2 (டிவிடிக்கான சுருக்கிய வீடியோ வடிவம்) ஆகப் பதிவு செய்கிறேன். பால் (PAL) ஒளிபரப்பு முறை டேப். தொடக்கத்தில் சரியாக இருக்கிறது. ஒரு மணி நேரத்தில் சத்தம் 2 விநாடி பிந்துகிறது. ஆட்கள் அசைந்தால் ஓரத்தில் சீப்புப்பல் போலக் கோடுகள். 2 மணி நேர டேப் ஒரே டிஸ்கில் அடங்குமா?

பதில்: பிரேம்கள் (வீடியோவின் தனித்தனிப் படங்கள்) விடுபடுகின்றன நண்பரே. பால் முறையில் விநாடிக்கு 25 பிரேம். 50 போனால் 2 விநாடி. ஒலி முழுதாகப் பதிவாகிறது, படம் மட்டும் குறுகி முந்திவிடுகிறது. குறை கம்ப்யூட்டரிலா டேப்பிலா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். வீட்டில் எழுதிய டிஸ்க் ஒன்றை டிவிடி பிளேயரில் ஓட்டி, அதே ஸ்டிக்கில் அரை மணி நேரம் விர்ச்சுவல்டப் என்ற பதிவு மென்பொருளில் பிடியுங்கள். கடைப் படம் வேண்டாம், காப்பித் தடுப்பு குழப்பிவிடும். விடுபட்ட பிரேம் எண்ணிக்கை ஏறினால் யூஎஸ்பி ஹப்பைக் கழற்றி நேரடிப் போர்ட்டில் குத்துங்கள். ஒலி ஒயரும் ஸ்டிக்கிலேயே இருக்கட்டும். லேப்டாப்பின் மைக் வழி கொடுத்தால் இரண்டு கடிகாரங்கள் ஒத்துப்போகாது.

கேள்வி: சோதித்தேன். ஒரு பிரேம்கூட விடுபடவில்லை.

பதில்: அப்படியானால் டேப்பின் சிங்க் (படத்தின் நேரத்தை ஒழுங்காக்கும் சிக்னல்) ஆடுகிறது. டேப்பைக் கடைசிவரை ஓட்டி மறுபடி சுற்றுங்கள், ஹெட்டைத் துடையுங்கள், டிராக்கிங்கைச் சரிசெய்யுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் அந்த ஆட்டத்தைச் சரிசெய்யும் டைம் பேஸ் கரெக்டர் என்ற கருவிதான் வழி. சில எஸ்-விஎச்எஸ் விசிஆர்களில் உள்ளேயே ஒன்று உண்டு. பழைய டிவிடி ரெக்கார்டரை நடுவில் வைத்து சிக்னலைக் கடத்தினாலும் சில மாடல்களில் படம் நிலைத்துவிடும். டேப் சுருளின் ஓரத்தில் வெள்ளைப் பொடி தெரிந்தால் பூஞ்சை. அதை விசிஆரில் போடவே போடாதீர்கள், அடுத்த டேப்புக்கும் ஒட்டும்.

இன்னொருவர்: சீப்புக் கோடு குறையே அல்ல, இன்டர்லேஸ்: ஒவ்வொரு பிரேமும் ஒன்றுவிட்ட வரிகளால் ஆன இரண்டு ஃபீல்டுகளாக வரும். டிவிடிக்கு அதை நீக்கக் கூடாது. அசைவின் மென்மை போய்விடும். 720x576 அளவை மாற்றாதீர்கள். இத்தகைய ஸ்டிக்குகளில் பெரும்பாலும் மேல் ஃபீல்டு முதலில் வரும். என்கோடரில் தலைகீழாகக் கொடுத்தால் அசைவு வெட்டிவெட்டி ஓடும். 4.7 ஜிபி டிஸ்கில் 2 மணி நேரம் என்றால் படத்துக்கு 4.8 எம்பிபிஎஸ் (விநாடிக்கு மெகாபிட்) அளவுதான் கிடைக்கும். விஎச்எஸ் இரைச்சல் அதை விழுங்கிக் கட்டம் கட்டமாக உடைக்கும். டிஸ்குக்கு ஒரு மணி நேரமாகப் பிரித்து 8 எம்பிபிஎஸ் கொடுங்கள். ஒலி 48 கிலோஹெர்ட்ஸ், ஏசி3 (டால்பி ஒலி வடிவம்).

பதில்: நேரடி எம்பெக்-2 வேண்டாம் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். தரம் இழக்காத ஹஃப்யுவி (HuffYUV) வடிவில் பிடித்து, வெட்டி, பிறகு எம்பெக்-2 ஆக என்கோட் செய்யுங்கள். மணிக்கு 30 ஜிபி அளவு பிடிக்கும். எஃப்ஏடி32 முறையில் ஃபார்மட் செய்த டிரைவில் ஒரு கோப்பு 4 ஜிபியோடு நின்றுவிடும் என்பதால் என்டிஎஃப்எஸ் ஃபார்மட் தேவை. டிஸ்க் எழுதியபின் மூலக் கோப்பை அழித்துவிடாதீர்கள்.