இசையைக் கேட்கவைத்துப் பிள்ளைகளை எழுதவைப்பது எப்படி?

டோர்ட்முண்ட் ஆசிரியை:
வணக்கம். சனிக்கிழமைகளில் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கிறேன். எல்லோரும் ஜெர்மனியில் பிறந்தவர்கள். பெற்றோர் யாழ்ப்பாணம், வன்னிப் பக்கம். "நான் யார்?" என்று எழுதச் சொன்னால், "எமது பண்பாடு தொன்மையானது, அதைக் காப்பது எமது கடமை" என்று வீட்டில் சொல்லிக்கொடுத்ததை எழுதிப் பேனாவை மூடிவிடுகிறார்கள். இதே பிள்ளைகள் இடைவேளையில் எவ்வளவு கதைக்கிறார்கள்! இசையைக் கேட்கவைத்து எழுதச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். எந்த இசையிலிருந்து தொடங்குவது?

பாரிஸ் வாசகி:
பழைய திரைப்பாடல்கள்தான். என் அம்மம்மாவிடம் இலங்கை வானொலியின் 'பொங்கும் பூம்புனல்' பற்றிக் கேட்டால் போதும், அறிவிப்பாளர்களின் குரலைக்கூடச் செய்து காட்டுவார். வீட்டில் மூத்தவர்களிடம் ஒரு பாட்டைப் பற்றிக் கேட்டு வந்து எழுதட்டும்.

இணுவிலான், ஸ்கார்பரோ:
மூத்தவர்களின் கதையைச் சேகரிக்க அது நல்ல வழி, அக்கா. ஆனால் பிள்ளைகள் தங்கள் கதையை எழுதவேண்டுமென்றால் சொல் உள்ள பாட்டை முதலில் கொடுக்கவேண்டாம் என்பேன். கவிஞரின் வரி பிள்ளையின் தாளில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். பிரிவுப் பாட்டைப் போட்டால் எல்லாத் தாள்களிலும் பிரிவுதான் வரும்.

மல்லாரியைப் போடுங்கள். சுவாமி புறப்படும்போது நாதஸ்வரத்தில் கம்பீர நாட்டை ராகத்தில் வாசிப்பது, பாட்டு வரி கிடையாது. உங்கள் பிள்ளைகள் அதை நல்லூர் வீதியில் கேட்டிருக்கமாட்டார்கள். ஜெர்மனியில் ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில் தேரில் கேட்டிருப்பார்கள். 2002இல் குடமுழுக்குக் கண்ட அந்தக் கோயில் தொழிற்பேட்டையை ஒட்டி நிற்கிறது. தீர்த்தமாடுவது டாட்டெல்ன்–ஹம் கால்வாயில். வெறுங்காலில் சுட்ட தார், வேலிக்கு அப்பால் நின்று பார்த்த பள்ளித் தோழி, வீட்டுக்குத் திரும்பும் ரயிலில் நெற்றித் திருநீற்றை அழிப்பதா விடுவதா என்ற யோசனை, இவையெல்லாம் அவர்களுடையவை. அம்மா விட்டுவந்த ஊரைக் கடன் வாங்கி எழுதவேண்டியதில்லை.

நான் தவில்காரர் வீட்டுப் பிள்ளை, அதனால் இதையும் சொல்கிறேன். தவில் மேதை யாழ்ப்பாணம் தெட்சிணாமூர்த்தியின் (1933–1975) பதிவு கிடைத்தால், தவில் மட்டும் தனித்து ஒலிக்கும் தனியாவர்த்தனத்தைச் சில நிமிடம் கேட்கவிடுங்கள். முடிந்ததும் "எப்படி இருந்தது?" என்று கேட்டால் "இனிமையாக இருந்தது" என்றுதான் பதில் வரும். கையைப் பற்றிக் கேளுங்கள். தவில்காரருக்கு வலக்கை விரல்களில் தொப்பிபோல மாட்டும் கூடு, இடக்கையில் அடிக்கும் கழி. மேளக் கச்சேரி முடிந்து வந்ததும் என் அப்பா கூடுகளை ஒவ்வொன்றாகத் திருகிக் கழற்றுவார். விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருக்கும். இதைச் சொல்லிவிட்டு, "உங்கள் அப்பாவின் கை என்ன வேலை செய்கிறது?" என்று கேட்டு எழுதவிடுங்கள்.

இங்கே என் வகுப்பில் ஒரு மாணவி, இரவு வேலை முடித்து வந்த அப்பா சிவப்பு விளக்கில் காரை நிறுத்தி ஸ்டியரிங்கில் தாளம் போட்டதை எழுதினாள். இரவு முழுக்கக் கையுறைக்குள் கிடந்து வெளிறிய விரல்கள். சின்ன வயதில் மிருதங்கம் படித்தவர் என்பதையே அன்றைக்குத்தான் மகளிடம் சொன்னாராம். தொன்மை, கடமை எதுவும் இல்லாத இரண்டு பக்கங்கள். எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை.

டோர்ட்முண்ட் ஆசிரியை:
மிக்க நன்றி ஐயா. வகுப்பில் கத்தோலிக்கப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். கோயில் மேளம் அவர்களை ஒதுக்கிவிடாதா?

இணுவிலான், ஸ்கார்பரோ:
ஒதுக்கும், டீச்சர். அவர்களுக்கு வேறு இசை வேண்டும். ஆகஸ்டில் ஜெர்மனியின் கெவலார் ஊருக்கு மாதா யாத்திரைக்குப் போகிற குடும்பங்களாக இருக்கும்; அங்கே கேட்ட பாடலின் மெட்டை மட்டும் முணுமுணுத்துவிட்டு எழுதட்டும். தவக்காலத்தில் கொன்சால்வெஸ் சுவாமியார் எழுதிய, இயேசுவின் பாடுகளைச் சொல்லும் வியாகுலப் பிரசங்கத்தை இழுத்து வாசிக்கிற பெரியவர் யாராவது இருந்தால், ஒரு பகுதியைப் பதிவு செய்துவரச் சொல்லுங்கள். அந்த இழுவை போதும்.

எசன் மாணவன்:
எனக்குப் பதினேழு வயது. உண்மையைச் சொன்னால், வகுப்பில் நாதஸ்வரத்தைப் போட்டால் இதை உணர்ந்தே ஆகவேண்டும் என்று பயம் வந்துவிடும். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை சத்தம் கூடாது. அதனால் சனிக்கிழமை காலையில் அம்மா வீட்டைக் கூட்டுகிற இயந்திரத்தையும் போட்டு, அதற்கு மேலே கேட்கும்படி பாட்டையும் உரக்க வைப்பார். நான் தமிழ் வகுப்புக்குச் சப்பாத்து மாட்டிக்கொண்டு நிற்பேன். கீழ்வீட்டுக்காரர் சுவரைத் தட்டுவார். எந்தப் பாட்டு என்று கேட்டால் தெரியாது, இரைச்சல்தான் ஞாபகம்.

இணுவிலான், ஸ்கார்பரோ:
தம்பி, இதையே இன்னும் ஒரு பக்கம் எழுதி இங்கே போடுங்கள். கீழ்வீட்டுக்காரர் தட்டியதும் அம்மா என்ன செய்தார் என்பதை விடவேண்டாம். டீச்சர், தம்பி எழுதினால் மல்லாரிக்கு முன்னால் அதை வகுப்பில் வாசித்துக் காட்டுங்கள்.