திரையில் வந்த கற்பனை அமெரிக்க அதிபர்களில் உங்கள் ஓட்டு யாருக்கு?

கடைசிவரிசை:
'த வெஸ்ட் விங்' தொடரை முதலிலிருந்து மறுபடி பார்த்து முடித்தேன். 1999 முதல் 2006 வரை ஏழு சீசன் ஓடிய தொடர். என் ஓட்டு அன்றைக்கும் இன்றைக்கும் மார்ட்டின் ஷீன் நடித்த ஜெட் பார்ட்லெட்டுக்குத்தான். மறுப்பவர்கள் காரணத்தோடு வாருங்கள்.

அவருடைய மேடைப் பேச்சுக்காகச் சொல்லவில்லை. இரண்டாவது சீசனின் கடைசி எபிசோடுக்காகச் சொல்கிறேன். சின்ன வயதிலிருந்து தெரிந்தவர், இப்போது அவருடைய செயலாளர், திருமதி லேண்டிங்ஹாம் கார் விபத்தில் இறந்துவிடுகிறார். இறுதிச்சடங்கு முடிந்ததும் பார்ட்லெட் எல்லோரையும் அனுப்பிவிட்டு, அந்தப் பெரிய தேவாலயத்தில் தனியாக நின்று கடவுளைத் திட்டுகிறார். ஆங்கிலத்தில் தொடங்கி லத்தீனுக்குப் போய்விடுகிறார். அப்புறம் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்து ஒரு இழுப்பு இழுத்து, தரையில் போட்டுக் காலால் தேய்த்துவிட்டுப் போகிறார். பாதிரியாராகப் போக நினைத்த ஒரு கத்தோலிக்கர் தேவாலயத் தரையில் செய்கிற காரியம் அது. அன்று ராத்திரியே, தனக்கு மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் என்ற நரம்பு நோய் இருப்பதை மறைத்ததற்காகப் பத்திரிகையாளர்கள் முன்னால் நிற்க வேண்டும். மழையில் நனைந்த உடையோடு வந்து நிற்கிறார். மறுபடி போட்டியிடுவீர்களா என்று கேட்டதும் இரண்டு கையையும் பாக்கெட்டுக்குள் விட்டு, பார்வையைத் திருப்பி, லேசாகச் சிரிக்கிறார். பதில் அவ்வளவுதான். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

மழைக்காகம்:
அழகான காட்சி, மறுக்கவில்லை. ஆனால் நீங்களே சொல்லிவிட்டீர்களே, நோயை மறைத்துத் தேர்தலில் ஜெயித்த ஆள் என்று. ஓட்டுப் போட்டவர்களுக்குத் தெரிய வேண்டிய விஷயத்தை மறைத்தவருக்கு மழையும் பாட்டும் சேர்த்து நம்மைக் கைதட்ட வைக்கிறார்கள். எனக்கு அங்கேதான் உறுத்துகிறது.

என் ஓட்டு 1964-இல் சிட்னி லூமெட் எடுத்த 'ஃபெயில் சேஃப்' படத்தில் ஹென்றி ஃபோண்டா நடித்த அதிபருக்கு. அவருக்குப் படத்தில் பெயர்கூடக் கிடையாது. கருப்பு வெள்ளைப் படம், பின்னணி இசை இல்லை. இயந்திரக் கோளாறால் அமெரிக்க குண்டுவீச்சு விமானங்கள் மாஸ்கோவை நோக்கிப் போய்விடுகின்றன, திருப்பிக் கூப்பிட முடியவில்லை. ஒரு சின்ன நிலவறையில் அதிபரும் ஒரு இளம் மொழிபெயர்ப்பாளரும் மட்டும். நடுவில் ஒரு டெலிபோன். தன் விமானங்களையே சுட்டு வீழ்த்த சோவியத்துக்கு உதவச் சொல்கிறார். அதையும் மீறி ஒன்று தப்பிப் போகிறது. முழு யுத்தத்தைத் தடுக்க ஒரே வழிதான் மிச்சம்: மாஸ்கோ அழிந்தால், தன் கையாலேயே நியூயார்க்கை அழிக்க உத்தரவிடுவது. அவருடைய மனைவி அன்றைக்கு நியூயார்க்கில்தான் இருக்கிறார். அதை அவர் ஒரு வார்த்தை அழுது சொல்வதில்லை.

மாஸ்கோவில் இருக்கும் அமெரிக்கத் தூதரோடு லைனில் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். குண்டு விழும் நொடியில் அந்தப் போன் உருகும்போது கீச்சென்று ஒரு சத்தம் வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். நாம் அந்தச் சத்தத்துக்காகக் காத்திருக்கிறோம். வருகிறது. ஃபோண்டாவின் முகத்தை மட்டும் பாருங்கள். பார்ட்லெட்டின் ஏழு சீசன் வசனமும் அந்த ஒரு முகத்துக்கு ஈடாகாது.

பாப்கார்ன்_பாண்டி:
1996 'இன்டிபெண்டன்ஸ் டே'யில் பில் புல்மன் தானே போர் விமானம் ஏறிப் போய் ஏலியன்களை அடிப்பாரே, அவரை விட்டுவிட்டீர்களே! அந்த ஜூலை 4 பேச்சு எனக்கு இன்றைக்கும் மனப்பாடம். அதிபர் என்றால் முன்னால் நிற்க வேண்டும். என் ஓட்டு அங்கே.

செவ்வந்தி:
கொஞ்சம் விலகிப் போகிறேன், மன்னியுங்கள். அமெரிக்கா இல்லை, வேறு கிரகங்கள். 'பேட்டில்ஸ்டார் கலாக்டிகா' தொடரில் மேரி மெக்டோனல் நடித்த லாரா ராஸ்லின். ஆனால் அமெரிக்க முறையை வைத்துத்தான் எழுதியிருக்கிறார்கள், அதனால் இங்கே சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன்.

ராஸ்லின் கல்வி அமைச்சர், முன்னாள் பள்ளி ஆசிரியை. மார்பகப் புற்றுநோய் என்று டாக்டர் சொன்ன அதே நாளில் சைலன்கள் என்ற இயந்திர மனிதர்கள் எல்லாக் கிரகங்களையும் அழித்துவிடுகிறார்கள். அதிபர் பதவிக்கான வரிசையில் 43-ஆவது இடத்தில் இருந்தவர், மேலே இருந்தவர்கள் எல்லோரும் செத்துப்போனதால் ஒரு பயணிகள் கப்பலுக்குள் நின்று பதவியேற்கிறார். கென்னடி கொலைக்குப் பிறகு விமானத்தில் ஜான்சன் பதவியேற்ற போட்டோவைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி உடனே பிடிபடும்.

அவருடைய அறையில் ஒரு வெள்ளைப் பலகை. உயிரோடு மிஞ்சியவர்களின் எண்ணிக்கை, ஏறக்குறைய ஐம்பதாயிரம், அதில் கையால் எழுதியிருக்கும். ஆள் சாகச் சாக அழித்து அழித்துக் குறைக்கிறார். முதல் சீசன் முதல் எபிசோடின் முடிவில் ஒரு குழந்தை பிறந்த செய்தி வருகிறது. பேனாவை எடுத்து எண்ணிக்கையில் ஒன்று கூட்டுகிறார். எனக்கு அதிபர் என்றால் அந்த அம்மாதான்.

இரவுக்காட்சி:
'24' பார்த்தவர்கள் யாரும் இல்லையா? டென்னிஸ் ஹேஸ்பர்ட் நடித்த டேவிட் பால்மர்! 2002-இல், ஒபாமாவுக்கு ஆறு வருடம் முன்பே, ஒரு கறுப்பின அதிபரை வாரா வாரம் சாதாரணமாக வீட்டுக்குள் கொண்டுவந்த தொடர். அது மக்கள் மனசைத் தயார்செய்தது என்று ஹேஸ்பர்ட்டே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். இரண்டாவது சீசனில் ஒரு ஒலிப்பதிவை நம்பி மூன்று நாடுகள் மேல் குண்டு போடச் சொல்கிறார்கள். ஆதாரம் உறுதியாகும் வரை முடியாது என்கிறார். அதிபரால் பணியைச் செய்ய முடியாதபோது அதிகாரத்தை இன்னொருவருக்கு மாற்ற வழிசெய்யும் 25-ஆவது சட்டத்திருத்தத்தைக் காட்டி, சொந்த அமைச்சர்களே அவரைப் பதவியிலிருந்து இறக்கிவிடுகிறார்கள். கடைசியில் ஒலிப்பதிவு போலி என்று தெரிகிறது. யுத்தம் வேண்டாம் என்று சொல்லப் பதவியையே விட்டவர்.

மழைக்காகம்:
இரவுக்காட்சி, அதே சீசனில் பால்மர் தேசியப் பாதுகாப்பு முகமையின் தலைவரை அடைத்துவைத்துச் சித்திரவதை செய்ய உத்தரவிடுகிறார், அதை டிவியில் நேரலையாகப் பார்த்துக்கொண்டும் இருக்கிறார். அவசரம் என்று சொன்னால் எதுவும் செய்யலாம் என்று அந்தத் தொடர் நம்மைப் பழக்கிவிட்டது. ஒலிப்பதிவு விஷயத்தில் அவர் செய்தது சரி, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இதையும் சேர்த்துத்தான் எடை போட வேண்டும்.

கடைசிவரிசை:
மழைக்காகம் நண்பரே, பார்ட்லெட்டை இப்படிச் சும்மா தப்பவிட்டார்கள் என்று சொல்வது நியாயமில்லை. மூன்றாவது சீசனில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அவரைக் கண்டிக்கத் தீர்மானம் கொண்டுவருகிறது. எதிர்த்துப் போராட வாய்ப்பு இருந்தும், நான் செய்தது தப்பு என்று அதை ஏற்றுக்கொள்கிறார். அதே சீசனின் முடிவில் ஒரு வெளிநாட்டுப் பாதுகாப்பு அமைச்சரை ரகசியமாகக் கொல்ல உத்தரவிட்டு, அது தன் நம்பிக்கைக்கே விரோதம் என்று தெரிந்து உடைந்துபோகிறார். கைதட்டலா அது?

நீங்கள் 25-ஆவது திருத்தம் பற்றிப் பேசினீர்கள், இரவுக்காட்சி. நான்காவது சீசன் முடிவைப் பாருங்கள். பார்ட்லெட்டின் கடைசி மகள் ஸோயி கடத்தப்படுகிறாள். துணை அதிபர் ஏற்கெனவே ராஜினாமா செய்துவிட்டார், அந்த இடம் காலி. இப்போது ஒதுங்கினால் அதிகாரம் எதிர்க்கட்சிக்காரரான சபாநாயகர் கையில் போகும். கட்சிக்காரர்கள் பதறுகிறார்கள். அப்பாவாக நான் எடுக்கும் முடிவு நாட்டுக்கு ஆபத்து என்று பார்ட்லெட் தானே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார். பால்மரிடமிருந்து பிடுங்கினார்கள். இவர் தானாகக் கொடுத்தார். எனக்கு இதுதான் பெரிசு.

ஃபோண்டா விஷயத்தில் ஒரு கேள்வி. நியூயார்க் மக்களிடம் யார் கேட்டார்கள்? மனைவியையும் சேர்த்துப் பலி கொடுத்ததால் அந்த முடிவு சரியாகிவிடுமா?

மழைக்காகம்:
சரியாகாது. படமும் அப்படிச் சொல்லவில்லை. நியூயார்க் மேல் குண்டு போடுகிற தளபதியின் மனைவியும் பிள்ளைகளும் அதே ஊரில்தான். போட்டு முடித்ததும் அவர் விமானத்திலேயே தன் உயிரை மாய்த்துக்கொள்கிறார். யாரும் ஜெயிப்பதில்லை. படத்தின் கடைசியில், இப்படியெல்லாம் நடக்கவே முடியாது என்பது விமானப்படையின் நிலைப்பாடு என்று ஒரு அறிவிப்பு வேறு வருகிறது. நான் ஓட்டுப் போடுவது அந்த முடிவு சரி என்பதற்காக இல்லை, அதை இன்னொருவர் தலையில் கட்டாமல் தன் வாயால் சொன்னதற்காக.

செவ்வந்தி:
ராஸ்லினைப் பற்றி யாரும் எதிர்த்து எழுதவில்லை, அதனால் நானே எழுதிவிடுகிறேன். கருக்கலைப்பைத் தடை செய்தார், அதுவரை வாழ்நாள் முழுக்க அந்த உரிமைக்காக நின்றவர். காரணம் அந்தப் பலகைதான், மனித இனம் பெருக வேண்டும். தேர்தலில் தன்னை எதிர்த்து நின்ற பால்டர் ஜெயிக்கப் போகிறார் என்றதும் ஓட்டுப் பெட்டியை மாற்றவும் துணிந்தார். படைத்தலைவர் அடாமா வந்து நேருக்கு நேர் கேட்டதும் ஒத்துக்கொண்டு, பின்வாங்குகிறார். பால்டர் பதவிக்கு வருகிறார், ஒரு வருடத்தில் எல்லோரும் சைலன் ஆக்கிரமிப்புக்குள் மாட்டிக்கொள்கிறார்கள். அந்தத் திருட்டைச் செய்து முடித்திருந்தால் எத்தனை உயிர் மிஞ்சியிருக்கும் என்று நான் பல ராத்திரி யோசித்திருக்கிறேன். அப்படியும் திருடியிருக்கக் கூடாது என்றுதான் தோன்றுகிறது.

மழைக்காகம்:
நேற்று ராத்திரி அந்த நான்காவது சீசன் முடிவை மட்டும் தனியாகப் பார்த்தேன். சபாநாயகர் தன் பதவியை ராஜினாமா செய்துவிட்டு அதிபராகப் பொறுப்பேற்ற பிறகு, பார்ட்லெட் தன் சொந்த அறையிலிருந்து ஒரு விருந்தாளி மாதிரி வெளியே போகிறாரே, கடைசிவரிசை, அதை நீங்கள் முதல் பதிவிலேயே எழுதியிருக்க வேண்டும். என் ஓட்டு மாறவில்லை. நீங்கள் 'ஃபெயில் சேஃப்' பார்த்துவிட்டு வாருங்கள், மிச்சத்தைப் பேசலாம்.