டேப்லெட்டில் புள்ளி வைத்துப் படம் வரையவும் தமிழில் குறிப்பெழுதவும் எந்த ஸ்டைலஸ் ஏற்றது?

தும்பை:

அனைவருக்கும் வணக்கம். நான் மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் ஆசிரியை. ஒவ்வோர் ஆண்டும் கரும்பலகையில் வரைந்து அழிக்கும் படங்களை ஒருமுறையாவது திருத்தமாக வரைந்து வைத்துக்கொண்டால், பாடக்குறிப்புக்கும் வினாத்தாளுக்கும் அவற்றையே பயன்படுத்தலாம் என்பது என் நெடுநாள் எண்ணம். வீட்டில் ஒரு பத்து அங்குல ஆண்ட்ராய்டு டேப்லெட் இருக்கிறது. "எல்லாத் திரைகளுக்கும் பொருந்தும்" என்று பெட்டியின் மேல் அச்சிட்டிருந்ததை நம்பி, 700 ரூபாய்க்கு ஒரு ஸ்டைலஸ் வாங்கினேன்.

சென்ற சனிக்கிழமை சங்குப்பூவின் நீள்வெட்டுத் தோற்றத்தை அதில் வரைய உட்கார்ந்தேன். ஒன்பது மகரந்தத்தாள்கள் ஒரு கற்றையாகவும் பத்தாவது தனித்தும் நிற்பதுதான் அந்தப் படத்தில் மாணவர்கள் பார்க்க வேண்டிய செய்தி. வெளிக்கோடு ஒருவாறு வந்துவிட்டது. ஆனால் நிழல் காட்டப் புள்ளி வைக்கத் தொடங்கியபோது, பத்துப் புள்ளிகளில் மூன்று நான்கு பதியவே இல்லை; பதிந்தவையும் நான் வைத்த இடத்திலிருந்து சற்று விலகியே விழுந்தன. உள்ளங்கையைத் திரையில் ஊன்றினால் படம் நகர்ந்துவிடுகிறது, அல்லது கை பட்ட இடத்தில் ஒரு கோடு விழுகிறது. பாகங்களுக்குப் பெயர் எழுதியபோதும் இதே கதைதான். மெய்யெழுத்துகளின் புள்ளிகள் விடுபட்டு, "பக்கம்" என்று எழுதியது "பககம" என்று நிற்கிறது.

குறை என் கையிலா, ஸ்டைலஸிலா, டேப்லெட்டிலா? விளம்பரங்களில் 4096, 8192 என்று அழுத்த நிலைகளைச் சொல்கிறார்களே, அந்த எண்ணைப் பார்த்து வாங்கலாமா?

கோட்டுரு:

வணக்கம் அம்மா. குறை உங்கள் கையில் இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பாடநூல்களுக்குப் படம் வரைவது என் தொழில். இதே தொல்லையை நானும் தொடக்கத்தில் பட்டிருக்கிறேன்.

உங்கள் டேப்லெட்டின் திரை விரலுக்காகவே செய்யப்பட்டது. கண்ணாடிக்கு அடியில் குறுக்கும் நெடுக்குமாகக் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கடத்திகள் ஓடுகின்றன. விரல் நெருங்கும்போது அவற்றின் மின்தேக்குத் திறன் மாறுகிறது, அந்த மாற்றம் நிகழ்ந்த இடத்தைக் கணக்கிட்டுத்தான் எங்கே தொட்டோம் என்பதைத் திரை அறிகிறது. நீங்கள் வாங்கியது விரலுக்கு மாற்றாக நிற்கும் ஒரு குச்சிதான். மெல்லிய முனையும் உள்ளே பேட்டரியும் இருந்தாலும், அந்தத் திரைக்கு அது இன்னொரு விரலே. ஆகவே எழுதும் முனை எது, ஊன்றிய கை எது என்று திரைக்குத் திடமாகப் பிரித்தறிய வழியில்லை. எவ்வளவு அழுத்தினீர்கள் என்பதும் தெரியாது. வேகமாகத் தொட்டு எடுக்கும் சிறு புள்ளிகளை அது தவறவிடுவதும் இதனால்தான்.

எழுதுவதற்கென்றே அமைந்த பேனாக்கள் பெரும்பாலும் இரண்டு வழிகளில் இயங்குகின்றன. ஆப்பிள் பென்சில் போன்றவற்றில் பேனாவே மின்குறிப்புகளை அனுப்ப, திரை அதைத் தனியாக இனங்கண்டுகொள்கிறது. பேனாவுக்கு சார்ஜ் ஏற்ற வேண்டும். ஜப்பானின் வாக்கம் நிறுவனம் வளர்த்தெடுத்த மின்காந்த ஒத்ததிர்வு முறையில், காட்சித்திரைக்குப் பின்னால் தனியாக ஓர் உணர்தகடு இருக்கும். அது எழுப்பும் காந்தப்புலத்திலிருந்தே பேனாவுக்குள் இருக்கும் கம்பிச்சுருள் ஆற்றலைப் பெற்று விடையளிக்கிறது, எனவே எழுதுவதற்குப் பேட்டரியே தேவையில்லை. 2011-இல் வந்த முதல் கேலக்ஸி நோட் கைபேசி தொடங்கி சாம்சங்கின் எஸ் பென் இந்த முறையைச் சேர்ந்ததுதான். எந்த வழியானாலும் வேலையின் பாதி டேப்லெட்டுக்குள் நடக்கிறது. அந்தப் பாதி இல்லாத டேப்லெட்டுக்கு எவ்வளவு விலையுயர்ந்த பேனா வாங்கினாலும் பயனில்லை. சாம்சங் என்ற பெயர் இருப்பதாலேயே அந்தத் தகடு இருக்கும் என்றும் நினைத்துவிடாதீர்கள். விலை குறைந்த பல மாதிரிகளில் அது கிடையாது. பேனாவும் பெட்டியிலேயே வரும் சாம்சங் கேலக்ஸி டேப் எஸ்6 லைட் போன்றவற்றில் இந்தக் கவலை இல்லை.

அழுத்த நிலைகளின் எண்ணிக்கையை, அதாவது கையின் அழுத்தத்தைப் பேனா எத்தனை படிகளாகப் பிரித்தறியும் என்ற எண்ணை, பொருட்படுத்தவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. 4096-க்கும் 8192-க்கும் உள்ள வேறுபாட்டை எந்தக் கையும் உணராது. நீங்கள் பார்க்க வேண்டியது, பேனா மை கக்கத் தொடங்க எவ்வளவு மெல்லிய தொடுகை போதும் என்பதை. தாவரவியல் படங்களில் புள்ளிகள் ஒரே பருமனில் இருக்க வேண்டும், நெருக்கத்தால்தான் நிழல் வர வேண்டும் என்பது நீங்கள் அறிந்ததே. ஒரே தடிமனில் கோடு தரும் வரைபேனாக்களால் காகிதத்தில் அப்படித்தான் வரைந்தோம். எனவே புள்ளி வைக்கும்போது செயலியில் அழுத்த உணர்வை அணைத்தே விடுங்கள். கோட்டைச் சீராக்கும் வசதி இருந்தால் அதையும் அணையுங்கள்.

கடைக்குப் போகும்போது ஓர் அடிக்கோலை எடுத்துச் செல்லுங்கள். திரையில் அதைச் சாய்வாக வைத்து, மிக மெதுவாக, ஐந்தாறு வினாடி எடுத்துக்கொண்டு ஒரு கோடு இழுங்கள். வேகமாக இழுத்தால் எல்லாப் பேனாவும் நேர்க்கோடுதான் போடும். மெதுவாக இழுக்கும்போதுதான் மட்டமான பேனாவின் கோடு அலையலையாக நெளியும். அடுத்து, கையை முழுதாக ஊன்றிக்கொண்டு ஐம்பது புள்ளிகளை மெல்ல வைத்து எண்ணிப் பாருங்கள்.

ஏட்டுச்சுவடி:

ஆசிரியை அவர்களின் "பககம" என்பதைப் படித்ததும் எழுதத் தோன்றியது. நான் ஓலைச்சுவடி படித்துப் பழகியவன். எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை பொத்துக் கிழியும் என்பதால் ஏடெழுதியோர் பெரும்பாலும் புள்ளியை விட்டுவிட்டார்கள். எது மெய், எது உயிர்மெய் என்பதைப் படிப்பவர்தான் இடம் நோக்கிக் கண்டுகொள்ள வேண்டியிருந்தது. பாடக்குறிப்பை முதன்முதலாகப் படிக்கும் மாணவரிடம் அந்தச் சுமையை வைக்கலாகாது. புள்ளி பதியாத பேனாவைத் தமிழுக்கு வாங்கவே கூடாது என்பது என் கருத்து.

குறிப்பெழுதுவதைப் பற்றி மட்டும் சில சொல்கிறேன். நம் எழுத்துகளில் சுழி மிகுதி. ண, ன, ணை, னை ஆகியவற்றைச் சிறிதாக எழுதினால் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஆங்கிலத்துக்கென வகுத்த கோட்டிடைவெளி நமக்குப் போதாது. அகலக் கோடிட்ட பக்கத்தைத் தேர்ந்து, முனையை இயன்றவரை மெல்லியதாக வைத்துக்கொண்டு, பக்கத்தைச் சற்றுப் பெரிதாக்கி எழுதுவதே என் வழக்கம். எழுத்துக்குத் தடிமன் மாறாத பால்பாயிண்ட் முனையே நல்லது. மைப்பேனா முனை பார்க்க அழகாயிருந்தாலும் சுழிகளை அடைத்துவிடுகிறது.

சாம்சங் நோட்ஸ், ஒன்நோட் ஆகிய குறிப்பெழுதும் செயலிகள் இரண்டிலும் எழுதியிருக்கிறேன், இரண்டும் போதுமானவையே. எதில் எழுதினாலும், மாதம் ஒருமுறை பி.டி.எஃப் கோப்பாக மாற்றி வேறோர் இடத்தில் சேமித்துவிடுங்கள். ஒரு செயலியின் சொந்த வடிவத்தில் இருக்கும் குறிப்பு மற்றொன்றில் அப்படியே திறக்காது. டேப்லெட் மாற்றியபோது இரண்டாண்டுக் குறிப்புகளை நான் பக்கம் பக்கமாகப் படமெடுத்துக் காப்பாற்ற வேண்டியதாயிற்று.

திரைமேல் காகிதத்தைப் போன்ற சொரசொரப்புத் தாள் ஒட்டிக்கொண்டால் சுழிகள் கைக்குள் அடங்கும். வழுவழுப்பான கண்ணாடியில் பேனா வழுக்கிக்கொண்டே போகிறது.

மருதாணி:

அந்தத் தாளைப் பற்றி எனக்கு மாறுபட்ட கருத்து உண்டு. எழுத மட்டும் என்றால் சரி. நுண்ணிய படம் வரைபவருக்கு அது திரையின் தெளிவை மங்கச் செய்யும்; பேனா முனையையும் விரைவில் தேய்த்துவிடும். பழகினால் கண்ணாடியே போதும். முதலில் ஒரு மாதம் ஒட்டாமல் வரைந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் அம்மா.

ஐபேடைக் கருதுவதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். ஆப்பிள் பென்சில் என்ற பெயரில் 2015, 2018, 2023, 2024 ஆகிய ஆண்டுகளில் வெவ்வேறு பேனாக்கள் வந்துள்ளன. எல்லாம் எல்லா ஐபேடுகளோடும் சேரா. அவற்றுள் 2023-இல் வந்த யு.எஸ்.பி-சி பென்சிலுக்கு அழுத்த உணர்வு இல்லை. புள்ளிகளுக்கு அது குறையன்று, ஆனால் இலை நரம்பு அடியில் தடித்து நுனியில் மெலிய வேண்டும் என்றால் அந்தப் பேனாவால் இயல்பாக வராது.

இன்னொன்று, இதில்தான் நான் அதிகம் பாடுபட்டேன். டேப்லெட்டில் எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாக்கி வரையலாம் என்பதால், நம்மை அறியாமலேயே மிக நுண்ணிய புள்ளிகளை வைத்துவிடுகிறோம். திரையில் அருமையாகத் தெரியும் அந்த நிழல், வினாத்தாளாக நகலெடுக்கும்போது பாதி மறைந்து மீதி கறையாகத் திரண்டுவிடும். ஏ4 தாளில் அங்குலத்துக்கு 600 பிக்சல் என்ற கணக்கில், 4960-க்கு 7016 பிக்சல் அளவில் தொடங்குங்கள். அதில் 0.2 மில்லிமீட்டர் புள்ளி என்பது ஏறத்தாழ ஐந்து பிக்சல். அதற்கும் கீழே போகவே வேண்டாம். வெளிக்கோடு, புள்ளி, பெயர்கள் மூன்றையும் தனித்தனி அடுக்குகளில் வைத்தால், பெயர்களை மறைத்துவிட்டு அதே படத்தை "பாகங்களைக் குறி" என்ற வினாவுக்குப் பயன்படுத்தலாம். ஆண்ட்ராய்டில் கிரிட்டா என்ற வரைசெயலி இலவசமாகக் கிடைக்கிறது, இதற்கெல்லாம் அது போதும். படத்தின் ஓரத்தில் அளவுகோடு ஒன்றையும் படத்தோடு சேர்த்தே வரைந்துவிடுங்கள். பிறகு யார் சுருக்கினாலும் பெருக்கினாலும் பூவின் உண்மை அளவு தெரியும்.

தும்பை:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று மாலை அடிக்கோலோடு கடைக்குப் போனேன். எங்கள் வீட்டு டேப்லெட்டையும் உடன் எடுத்துச் சென்று, அங்கிருந்த எஸ் பென் டேப்லெட்டின் பக்கத்திலேயே வைத்து இரண்டிலும் அதே சாய்கோட்டை இழுத்துப் பார்த்தேன். எங்களுடையதில் கோடு படிக்கட்டுபோல் நெளிந்தது. மற்றதில் நெளிவைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. ஐம்பது புள்ளிகளில் எங்களுடையதில் முப்பத்தொன்று பதிந்தன, அதில் நாற்பத்தொன்பது. முனை திரையைத் தொடுமுன்பே, அது விழப்போகும் இடத்தில் ஒரு சிறு குறி தெரிந்ததால் புள்ளியை எண்ணிய இடத்திலேயே வைக்க முடிந்தது.

மாதத் தவணையில் அதையே வாங்குவதாக முடிவு செய்துள்ளேன். சொரசொரப்புத் தாளை இப்போதைக்கு ஒட்டப் போவதில்லை. ஒரு சிறு ஐயம்: நான் இடக்கைப் பழக்கமுள்ளவள். எழுதிய வரியின் மேலேயே என் கை ஊன்றிச் செல்லும். அதனால் தொல்லை வருமா?

கோட்டுரு:

வராது அம்மா. பேனா அருகில் இருப்பதை உணர்ந்ததும் பெரும்பாலான வரைசெயலிகள் கைத்தொடுகையைப் புறக்கணித்துவிடும். அப்படியும் கை பட்ட இடத்தில் கோடு விழுந்தால், விரலால் வரைவதை அணைக்கும் தேர்வு செயலியின் அமைப்புகளில் இருக்கும். அதைத் தேர்ந்துவிட்டால் பேனா மட்டுமே கோடு போடும். கருவிப்பட்டை இடப்பக்கம் இருந்தால் முழங்கை அதில் படும், ஆகவே அதை வலப்பக்கம் நகர்த்திக்கொள்ளுங்கள். சங்குப்பூவை வரைந்து முடித்ததும், நகலெடுத்த தாளைப் படமெடுத்து இங்கே இடுங்கள். புள்ளியின் பருமன் சரிதானா என்பதை அதை வைத்தே சொல்லிவிடலாம்.