அவன், அவள், நடுவில் ஓர் எழுத்து

ஓரத்து நாற்காலி:
ஆண், பெண் என்ற கோட்டுக்குள் அடங்காதவர்களைக் கலையில் பார்த்ததில், இன்னும் மனதை விடாத ஒன்றை ஆளுக்கொன்று சொல்லுங்களேன். முதலில் நான். சென்னையில் சின்ன அரங்கு. திருநங்கை ஒருவர் தன் கதையைத் தானே நடித்தார். அக்காவின் பாவாடையை ஒளிந்து உடுத்தும் காட்சியெல்லாம் நீங்களும் எங்காவது பார்த்திருப்பீர்கள், விடுகிறேன். நடுவில் மேடையிலேயே புடவை கட்டினார். ஊக்கைப் பல்லில் கடித்தபடி, "யாராவது வந்து கொசுவத்தைக் கொஞ்சம் பிடிங்களேன்" என்றார். நடிப்பா, நிஜமாகவே கேட்கிறாரா, புரியவில்லை. ஒருத்தரும் எழவில்லை. நான் இரண்டாவது வரிசை. எட்டு அடிகூட இருக்காது. கடைசியில் டீ கொண்டுவந்த அம்மா தட்டை வைத்துவிட்டுப் போய், மண்டியிட்டு மடிப்பை நீவிவிட்டார். வீட்டில் மனைவிக்கு நான் வாரம் ஒரு தடவையாவது பிடித்துவிடுகிற அதே கொசுவம்தான்.

கடலூர்க்காரன்:
எனக்குக் கூவாகம், திருநங்கைகள் கூடும் திருவிழா. சித்திரை பௌர்ணமி, பாரதப் போரில் பலியாகும் அரவானுக்குத் தாலி, மறுநாள் அழுகளத்தில் அறுப்பது, எல்லாருக்கும் தெரிந்ததுதான். கேமராவோடு வந்த கூட்டத்தில் நானும் ஒருத்தன். உடைந்த வளையல் கிடந்த மண்ணில் உட்கார்ந்து ஒரு அக்கா ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார். நல்ல குரல். போனில் பதிவு செய்தேன். கொஞ்ச நேரத்தில் "என் ராசா" இருந்த இடத்தில் "என்னப் பெத்தவளே" வந்துவிட்டது. சுற்றி நின்றவர்கள் மாரடிப்பதை நிறுத்தவில்லை. அம்மா செத்தபோது தெருமுனையிலேயே நிறுத்திவிட்டார்களாம், முகத்தைப் பார்க்க விடவில்லையாம். பக்கத்தில் இருந்தவர் சொன்னார். நாலு நிமிடப் பதிவு. அழிக்கவும் இல்லை, யாருக்கும் போட்டுக் காட்டவும் இல்லை.

ஒற்று:
கடலூர்க்காரரே, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்தப் பேச்சை எடுத்தாலே எல்லாரும் ஏன் கூவாகத்துக்குப் பஸ் ஏறுகிறீர்கள்? அதிலும் அழுகிற திருநங்கைதான் வேண்டும். மேடையும் திருவிழாவும் இல்லாத நாங்களும் இருக்கிறோம்.

ஒரே பாலின உறவைக் குற்றமாக்கிய 377-ஆம் சட்டப் பிரிவு பற்றிய 2018 தீர்ப்புக்குப் பல வருடம் முன்னால் ஒரு சிற்றிதழுக்குக் கதை அனுப்பினேன். திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை, ஒரே அறையில் இரண்டு ஆண்கள். ஆசிரியர் போன் பண்ணினார். "கதை பிரமாதம் தம்பி. அவனை அவள் ஆக்கிடுங்க, அடுத்த இதழ்லயே போட்டுடலாம்." அச்சில் பேர் பார்க்கிற ஆசை எனக்கு. ராத்திரி முழுக்கச் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தேன். தமிழில் பெயரை மட்டும் மாற்றினால் போதாதே, ஒவ்வொரு வினைமுற்றுக்கும் வால் இருக்கிறது. வந்தான் வந்தாள் ஆனது, சிரித்தான் சிரித்தாள் ஆனது. மீசையை எடுத்தேன். லுங்கி நைட்டி ஆனது. ஒரே ஒரு 'ன்' மட்டும் கண்ணில் படாமல் தப்பிவிட்டது. அடுத்த இதழில் வாசகர் கடிதம் ஒன்று: கதை அருமை, அச்சுப்பிழைகளைக் கவனிக்கவும்.

கொட்டாங்கச்சி:
ஒற்று தம்பி, கோபம் நியாயம்தான், ஆனால் கூவாகத்தின்மேல் காட்டாதீர்கள். பரதம் ஆடும் திருநங்கை நர்த்தகி நடராஜ், இறைவனைக் காதலனாக எண்ணி உருகும் நாயகி பாவத்தில் ஆடியதை ஒருமுறை பார்த்தேன். பக்கத்து சீட்டுக்காரர் என் காதில் "ஆம்பளையா பொம்பளையா" என்றார். "பாட்டைக் கேளுங்க" என்றேன். என் கதை அவ்வளவுதான். மதுரைக்காரர், தஞ்சாவூர் கிட்டப்பா பிள்ளையிடம் படித்தவர், 2019-ல் பத்மஸ்ரீ. 'நர்த்தகி' அந்தக் குரு வைத்த பெயர். வீடு கொடுக்காத பெயரை ஆட்டம் கொடுத்தது, பாருங்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். முதலில், உரிமையை எழுதிக் கொடுத்தீர்களா? இல்லையென்றால் கதை இன்றும் உங்களுடையதுதான். பழைய கைப்பிரதியைத் தேடி எடுங்கள். கிடைக்காவிட்டால் அச்சான பிரதியை வைத்துத் திரும்ப எழுதுங்கள். புனைபெயர் போடலாம், வெட்கமில்லை. ஆசிரியர் சொன்னதை முன்னுரையில் எழுதிவிடாதீர்கள், அப்புறம் எல்லாரும் முன்னுரையைப் பற்றியே பேசுவார்கள். நைட்டியை மறக்காமல் லுங்கி ஆக்குங்கள். இரண்டாவது பத்திரிகையும் மாற்றச் சொன்னால் மூன்றாவதுக்கு அனுப்புங்கள். ஒரு பிரதி எனக்கும்.

ஒற்று:
அண்ணா, நான் யோசனை கேட்கவே இல்லையே. கைப்பிரதி அம்மா எடைக்குப் போட்ட பழைய பேப்பரோடு போய்விட்டது.

ஓரத்து நாற்காலி:
அந்தத் தப்பின 'ன்' எந்த வரியில்?

ஒற்று:
"சோற்றைப் போட்டுவிட்டு, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றான்."