மறு: இன்ட்ராஸ்பெக்‌ஷன்: ஒரு சொல்லா, இரண்டு சொல்லா?

அனைவருக்கும் வணக்கம். நம் உளவியல் கலைச்சொல் பட்டியலில் 'இன்ட்ராஸ்பெக்‌ஷன்' (தன் மனத்தில் நிகழ்வதைத் தானே கவனித்துச் சொல்வது) என்பதற்குத் தமிழில் என்ன போடுவது என்ற கேள்விக்கு என் பதில் இது.

> 'சுயபரிசோதனை' என்றே போட்டுவிடலாமே, எல்லோருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் வேறொன்றாகப் புரியும், அதுதான் என் கவலை. சுயபரிசோதனை என்றால் நான் செய்தது சரியா தப்பா என்று யோசித்துப் பார்ப்பது. நாம் பெயர் தேடுவதோ 1879இல் ஜெர்மன் உளவியலாளர் வில்ஹெல்ம் வூண்ட் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஆய்வுக்கூடத்திலும், அதன் வழிவந்த கூடங்களிலும் நடந்த ஒரு வேலைக்கு. அங்கே யாரும் தன் குணத்தை எடைபோடவில்லை. இன்னொருவர் சொன்ன 'உள்நோக்கம்' வேண்டவே வேண்டாம், அதற்குத் தமிழில் ஏற்கெனவே வேலை இருக்கிறது, 'இதில் ஏதோ உள்நோக்கம் இருக்கிறது' என்று தினமும் சொல்கிறோம்.

சொல்லுக்குப் போகுமுன் ஒரு சங்கதி. ஆங்கிலத்தில் இது ஒரு சொல்தான், ஆனால் வூண்ட் எழுதிய ஜெர்மனில் இரண்டு. ஒன்று 'ஸெல்ப்ஸ்ட்பியோபாக்டுங்', தன்னைத் தானே கவனித்து ஆராய்வது. இன்னொன்று 'இன்னெர வார்னேமுங்', மனத்தில் நிகழ்வதை நிகழும்போதே உணர்வது. முதலாவதை அறிவியல் முறையாக அவர் ஏற்கவில்லை, ஏனென்றால் கோபத்தை உட்கார்ந்து ஆராயத் தொடங்கினால் கோபமே போய்விடும். இரண்டாவதை ஏற்றார், அதுவும் கறாரான நிபந்தனைகளோடு: தூண்டல் (ஒலி, ஒளி போல உணர்வை எழுப்புவது) எப்போது வரும் என்று கவனிப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவர் முழுக் கவனத்தோடு இருக்க வேண்டும், அதே சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்ய முடிய வேண்டும், தூண்டலைக் கூட்டிக் குறைத்துப் பார்க்க முடிய வேண்டும்.

அவருடைய மெட்ரோனோம் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். கருவி சீராக அடித்துக்கொண்டிருக்கும், கேட்பவர் அந்தந்தக் கணத்தில் தோன்றுவதைச் சொல்ல வேண்டும். சில தாளங்கள் கேட்க இனிமையாக இருக்கும், சில இருக்காது. அடுத்த அடிக்குக் காத்திருக்கையில் மெல்லிய இறுக்கம், அடி விழுந்ததும் ஒரு தளர்வு. வேகம் கூடினால் ஒரு கிளர்ச்சி, குறைந்தால் அமைதி. உணர்ச்சிக்கு மூன்று பரிமாணங்கள் உண்டு என்று அவர் சொன்னது இந்த மாதிரிக் கவனிப்பிலிருந்துதான். சிந்தனை, மொழி போன்றவற்றுக்கு இந்த முறை எட்டாது என்றும் அவரே சொல்லிவிட்டார். அவற்றுக்காகத்தான் மொழி, தொன்மம், வழக்கம் என்று தனியாகப் பத்துத் தொகுதிகள் எழுதினார்.

வூண்ட் ஏற்ற அந்த இரண்டாவது முறைக்கு நான் முன்வைப்பது 'அகக்காட்சி'. நம் தருக்க நூல்களில் நேரடி அறிதலுக்குக் காட்சி அளவை என்றுதானே பெயர்? அனுமானம் கலக்காமல் நேரே அறிவது என்ற பொருள் அந்தச் சொல்லில் ஏற்கெனவே இருக்கிறது.

அப்புறம் எட்வர்ட் டிட்ச்னர். இங்கிலாந்துக்காரர், லைப்சிக்கில் வூண்டிடம் படித்துவிட்டு 1892இல் அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்துக்குப் போனவர். அவர் கையில் இந்த முறையே மாறிப்போனது. மேஜையைப் பார்த்து 'மேஜை' என்று சொன்னால் அவரிடம் தப்பு. அதற்குத் தூண்டல் பிழை என்று பெயரே வைத்தார். எந்த நிறம், எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு நேரம் நீடித்தது, எவ்வளவு தெளிவு என்று பிரித்துச் சொல்ல வேண்டும், அதற்கு நீண்ட பயிற்சி வேண்டும். இப்படிப் பிரித்துப் பிரித்து 1896இல் 44,000க்கும் மேற்பட்ட அடிப்படைப் புலனுணர்வுகள் உண்டு என்று கணக்குக் காட்டினார்.

இதற்குத்தான் 'அகநோட்டம்' என்கிறேன். நோட்டம் என்பது காசு நல்லதா கள்ளதா என்று பழகிய கண்ணால் பார்த்துச் சொல்லும் தொழில், அதைச் செய்பவர் நோட்டக்காரர். பயிற்சி என்ற அம்சம் 'அகநோக்கு' என்ற சொல்லில் இல்லை, இதில் இருக்கிறது.

> நோட்டம் விடுவது என்றால் திருடன் வீட்டை நோட்டம் விடுவதுபோல இருக்கிறதே.

உண்மைதான் அம்மா, பேச்சுவழக்கில் அந்த வாடை இருக்கிறது. ஆனால் அது 'விடு' என்ற வினையோடு சேரும்போதுதான் வருகிறது. 'அகநோட்டம் செய்தார்', 'அகநோட்டப் பயிற்சி' என்று எழுதிப் பாருங்கள், எனக்கு உறுத்தவில்லை.

பயிற்சியை நான் இவ்வளவு பிடித்துக்கொண்டு நிற்பதற்குக் காரணம், இந்த முறை சரிந்ததே அந்த இடத்தில்தான். வூண்டிடம் பயின்ற ஆஸ்வால்ட் க்யூல்பெயும் அவருடைய வூர்ட்ஸ்பர்க் குழுவும், மனத்தில் எந்தப் பிம்பமும் எழாமலே சிந்தனை நடக்கிறது என்றார்கள். கார்னெல்காரர்கள் இல்லை, நன்றாகக் கவனித்தால் பிம்பம் தெரியும் என்றார்கள். இரண்டு பக்கமும் பயிற்சி பெற்றவர்கள், யார் சொல்வது சரி என்று தீர்க்க வழியே இல்லை. 1913இல் அமெரிக்க உளவியலாளர் ஜான் வாட்சன் பிடித்தது இதைத்தான்: மற்ற அறிவியல்களில் முடிவு ஒத்துவராவிட்டால் கருவியையோ சோதனைச் சூழலையோ குறைசொல்வார்கள், இங்கே மட்டும் 'உனக்குப் பயிற்சி போதாது' என்று ஆளைக் குறைசொல்கிறார்கள் என்றார். வெளியே தெரியும் நடத்தையை மட்டும் ஆராயும் நடத்தையியல் அங்கே பிறந்தது. நம் கலைச்சொல்லில் பயிற்சி தெரியாவிட்டால், இந்தச் சண்டை எதற்கு நடந்தது என்றே முதலாண்டு மாணவருக்குப் பிடிபடாது.

டிட்ச்னரின் சிந்தனைப் பள்ளிக்கு 'அமைப்பியல்' என்று பட்டியலில் இருக்கிறது. தமிழில் அது சசூர், லெவி-ஸ்ட்ராஸ் வழிவந்த இலக்கியக் கோட்பாட்டுக்கு நிலைத்துவிட்ட பெயர், இரண்டுக்கும் சம்பந்தம் கிடையாது. 1898 கட்டுரையில் டிட்ச்னரே, உயிரியலில் உடலின் அமைப்பைப் படிப்பது வேறு, அதன் செயலைப் படிப்பது வேறு என்று சொல்லித்தான் தன் துறையை விளக்கினார். நம்மிடம் உடற்கூறியல் இருக்கிறது, எனவே 'உளக்கூறியல்'. மனத்தின் செயலைப் படிக்கும் எதிர்ப்பக்கத்துக்குச் 'செயற்பாட்டியல்' சரி, 'இயங்கியல்' வேண்டாம், அதை மார்க்சியர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

ஆகவே பட்டியலில் வூண்டுக்கு அகக்காட்சி, டிட்ச்னருக்கும் வூர்ட்ஸ்பர்க்காரர்களுக்கும் அகநோட்டம் என்று தனித்தனிப் பதிவாகப் போடும்படி கேட்டுக்கொள்கிறேன். மறுப்பு இருந்தால் ஒரு எடுத்துக்காட்டு வாக்கியத்தோடு எழுதுங்கள். கெஸ்டால்ட்டை (கூறுகளாக அல்லாமல் முழு வடிவமாக உணர்வதைக் குறிக்கும் ஜெர்மன் சொல்) அப்படியே ஒலிபெயர்த்துவிடலாம் என்பது என் எண்ணம், அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.