அரிசி கழுவிய தண்ணீர், பால் கரைசல்: பொகாஷி வாளிக்கு இதுவே போதுமா?

கீரைப்பாத்தி:
அடுக்குமாடி வீடு, நாலு பேர். தினமும் முக்கால் கிலோ சமையலறைக் கழிவு சேருது. பொகாஷி (கழிவை மூடின வாளியில போட்டு, நுண்ணுயிர் ஏத்தின தவிடு தூவிப் புளிக்க வைக்கிற முறை) தவிட்டை வாங்காம வீட்டிலேயே செய்யலாம்னு பார்க்கிறேன். அரிசி கழுவின தண்ணியை 2 நாள் வெச்சு, பால்ல கலந்து 3 நாள் ஆச்சு. ஜாடியில் மேலே கெட்டியா தயிர்ப் பாளம், நடுவில் வெளிர் மஞ்சள் தண்ணி, அடியில் வெள்ளை வண்டல். இதுல எதை எடுக்கணும்? கடையில் விக்கிற இ.எம். (திறன்மிகு நுண்ணுயிர்) கரைசலுக்கு இது ஈடாகுமா? தயிர் வடிச்ச தண்ணியே போதும்ங்கிறாங்களே, சரியா? ஒரு கிலோ தவிட்டுக்கு எவ்வளவு ஊத்தணும்?

தவிட்டுவாளி:
நடுவில் நிற்கும் மஞ்சள் தண்ணீர்தான் உங்களுக்கு வேண்டியது. பாளத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு, சிறு குழாயால் உறிஞ்சி எடுத்து மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். வண்டல் கலங்கினால் கரைசல் சீக்கிரம் கெடும். பாளத்தைத் தொட்டிச் செடிக்கு அப்படியே போடாதீர்கள், எறும்பும் ஈயும் மொய்க்கும். பொகாஷி வாளிக்குள்ளேயே போடலாம்.

அளவு சரியாக இருந்ததா என்று பாருங்கள்: புளித்த அரிசித் தண்ணீர் 1 பங்கு, பால் 10 பங்கு. பாக்கெட் பாலைக் காய்ச்சி, நன்றாக ஆறவைத்துச் சேர்த்தாலும் குற்றமில்லை, நுண்ணுயிர் அரிசித் தண்ணீரிலிருந்துதான் வருகிறது. ஜாடியைக் காற்றுப் புகாமல் இறுக்க வேண்டாம், துணி கட்டினால் போதும். நம் வெயிலில் அரிசித் தண்ணீர் ஒன்றரை, இரண்டு நாளிலேயே லேசாகப் புளித்துவிடும். நான்கைந்து நாள் என்பது குளிர் ஊர்க் கணக்கு. இங்கே அவ்வளவு விட்டால் சாக்கடை வாடை வரும், அப்படி வந்தால் கீழே கொட்டிவிடுங்கள். பால் கட்டத்திலும் மூக்கை நம்பலாம். இளம் மோர் வாடை சரி. பாளத்தில் இளஞ்சிவப்புத் திட்டோ, அழுகிய முட்டை நாற்றமோ இருந்தால் ஜாடியோடு கழுவி ஊற்ற வேண்டியதுதான்.

வடித்த கரைசல் ஃப்ரிட்ஜில் சில மாதம் தாங்கும். வெளியில் வைப்பதென்றால் எடைக்கு எடை நாட்டுச் சர்க்கரை கலந்து, மூடியைத் தளர்த்தி வையுங்கள்.

இ.எம். விஷயத்துக்கு வருவோம். ஜப்பானில் ஒகினாவாவின் ரியூக்யூ பல்கலைக்கழகத்தில் தெருவோ ஹிகா உருவாக்கிய அந்தக் கலவையில் லாக்டிக் அமில பாக்டீரியா, ஈஸ்ட், ஒளிச்சேர்க்கை பாக்டீரியா என மூன்று கூட்டமும் உண்டு. உங்கள் ஜாடியில் இருப்பது பெரும்பாலும் முதல் கூட்டம்தான். ஆனால் வாளிக்குள் முக்கிய வேலை அதனுடையதே: சர்க்கரையை லாக்டிக் அமிலமாக்கி பி.எச். அளவை (குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 4-க்குப் பக்கத்தில் இறக்குகிறது, அழுகவைக்கும் பாக்டீரியா அங்கே பிழைப்பதில்லை. மாட்டுக்கு ஊறுகாய்ப் புல் போடும் அதே தத்துவம். ஆகவே பொகாஷிக்கு இது தாராளமாகப் போதும்.

மண்புழு_மாமி:
தவிட்டுக் கணக்கு நான் சொல்றேன். கோதுமைத் தவிடு 1 கிலோ, மாட்டுத் தீவனக் கடையில கிடைக்கும். தண்ணி 300 மி.லி., அதுல வெல்லம் 20 கிராம் கரைச்சு, கரைசல் 20 மி.லி. சேர்க்கணும். குழாய்த் தண்ணியில குளோரின் வாடை அடிச்சா வாய் அகலமான பாத்திரத்துல ராத்திரி பூரா திறந்து வைங்க.

எல்லாத்தையும் ஒரேயடியா ஊத்திடாதீங்கம்மா. தெளிச்சுத் தெளிச்சுப் பிசைங்க. ஒரு பிடி எடுத்து இறுக்கினா கொழுக்கட்டையா நிக்கணும், விரல் இடுக்குல சொட்டக் கூடாது, தட்டினா உதிரணும். போதலைன்னா இன்னும் 50 மி.லி. வரைக்கும் போகலாம். பல பேருக்குப் பச்சைப் பூஞ்சை வர்றது ஈரம் கூடினதாலயும் காத்து இருந்ததாலயும்தான், கரைசல் மேல தப்பு கிடையாது. கெட்டியான பையில அமுக்கி, காத்தை வெளியேத்திக் கட்டி, நிழல்ல 2 வாரம். திறந்தா இனிப்பும் புளிப்பும் கலந்த வாசனை வரணும். வெள்ளைப் பூஞ்சை நல்லது. பச்சை, கறுப்பு வேண்டாம். அப்புறம் நிழல்லயே உலர்த்தி டப்பாவுல போடுங்க.

அரிசி ஆலைத் தவிடும் ஆகும், ஆனா அதுல எண்ணெய் ஜாஸ்தி, பழசா இருந்தா சிக்கு வாடை வந்துடும். அன்னைக்கு அரைச்சதா வாங்குங்க, இல்லாட்டி எண்ணெய் எடுத்த தவிடு.

உங்க வீட்டுக் கழிவுக்கு நாளைக்கு ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம். ஒரு கிலோ ஒரு மாசம் ஓடும். மீன், கறி விழுற நாள்ல ரெண்டு பிடி.

கரிசல்மண்:
தயிர்த் தண்ணியும் வேலை செய்யும், உப்புப் போடாததா இருக்கணும். வெல்லம் சேர்த்தா போதும். உப்புப் போடாம புளிச்ச இட்லி மாவுத் தெளிவுலயும் லாக்டிக் பாக்டீரியா நிறைய உண்டு. உப்புப் போட்ட மாவு வேண்டாம்.

நம்ம ஊர்ல சுத்துற பரங்கி, பப்பாளி, வாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, முட்டை சேர்த்த "வீட்டு இ.எம்." பத்தி ஒரு வார்த்தை. அது நல்ல பழக் கரைசல், செடிக்கு ஊத்தலாம். ஆனா உள்ளே எந்த நுண்ணுயிர் வளருதுங்கிறது வாளிக்கு வாளி மாறும். பொகாஷிக்கு அதை நம்பாதீங்க.

கடை இ.எம். வாங்கினா பெருக்கிக்கலாம்: தாய்க் கரைசல் 50 மி.லி., வெல்லம் 50 கிராம், தண்ணி 900 மி.லி. பிளாஸ்டிக் பாட்டில்ல மட்டும், கண்ணாடி வெடிக்கும். தினமும் மூடியைத் திருகி வாயுவை விடணும். ஒரு வாரம் கழிச்சு பி.எச். தாளில் 4-க்குக் கீழே காட்டினா சரி. ஒரு மாசத்துக்குள்ள தீர்த்துடுங்க. பெருக்கினதையே திரும்பப் பெருக்காதீங்க, ஈஸ்ட் மிஞ்சி ஒளிச்சேர்க்கை பாக்டீரியா கரைஞ்சுபோகும்.

கீரைப்பாத்தி:
ரொம்ப நன்றி. பொகாஷி வாளியோட அடிக் குழாய் வழியா வடியற தண்ணியை செடிக்கு எப்படிக் கொடுக்கறது? நிறைஞ்ச வாளியை மாடியில என்ன பண்றது, புதைக்க நிலம் இல்லையே?

தவிட்டுவாளி:
லிட்டருக்கு 10 மி.லி. கலந்து வேரோரம் ஊற்றுங்கள், அன்றே தீர்த்துவிடுங்கள். கீரை இலையில் படவேண்டாம். ரெண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை வடிக்காவிட்டால் அடியில் தேங்கி நாறும். ரசம், குழம்பை வடித்துவிட்டுக் கெட்டியை மட்டும் போட்டாலே பாதிப் பிரச்சினை தீரும்.

வாளி நிறைந்ததும் மூடி 2 வாரம். பிறகு பெரிய க்ரோ பேக்கில் அடியில் பழைய தொட்டி மண், நடுவில் பொகாஷி ஒரு பங்குக்கு மண் ரெண்டு பங்கு கலந்து, மேலே நான்கு விரல் மண். மழை படாமல் மூடி 3, 4 வாரம் விடுங்கள். அதற்கு முன் நாற்று வைத்தால் புளிப்பில் வேர் கருகும்.

மண்புழு_மாமி:
வாளியில புழு தென்பட்டா மூடி சரியா உட்காரலைன்னு அர்த்தம். மேல ரெண்டு பிடி தவிடு தூவி, செய்தித்தாள் விரிச்சு அமுக்கி, மூடி ஓரத்தைத் துடைச்சுட்டு மூடுங்க. பழ ஈ முட்டை போடறது அந்த ஓரத்துலதான்.